பென்குவின் பார்க்கச் சம்பளம்!

அண்டார்டிகா வரை போகும் சொகுசு யாட்களில் வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்? ரீல்ஸ் காட்டாத தளங்களுக்குள் ஒரு சுற்று

ஏப்ரல் மாதம், காலை ஏழரை மணி. தெற்குப் பிரான்ஸில் நீஸுக்கும் கானுக்கும் நடுவே இருக்கும் ஆன்டீப் ஊரின் போர்ட் வோபான் துறைமுகம். நட்சத்திர வடிவக் கோட்டை ஒன்று மேட்டில் நிற்கிறது. அதன் கீழே, பின்புறத்தைக் கரைக்குக் காட்டியபடி யாட்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. மிகப் பெரியவை நிற்கும் பகுதிக்கு உள்ளூரில் ‘கோடீஸ்வரர்கள் துறை’ என்றே பெயர். அந்தத் துறையை நோக்கி இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். சீருடை யாரும் கொடுக்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் ஒரே உடுப்பு: இஸ்திரி போட்ட வெள்ளை போலோ சட்டை, காக்கி அரைக்கால்சட்டை. கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சிரித்த முகத்தோடு பயோடேட்டா. ஒவ்வொரு யாட்டின் முன்பும் நிற்கிறார்கள். கூப்பிடாமல் நடைபலகையில் கால் வைக்கக் கூடாது. கீழே நின்றபடியே, மேலே ஹோஸ் பிடித்துத் தளம் கழுவுகிறவரைப் பார்த்துக் கேட்கிறார்கள். வேலை ஏதாவது உண்டா? நிரந்தரம் இல்லாவிட்டால் இன்று ஒரு நாளைக்காவது?

பெரும்பாலும் தலையாட்டல்தான் பதில். சில சமயம் பயோடேட்டாவை வாங்கிக்கொள்வார்கள். அபூர்வமாக, ‘செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வா’ என்று ஒரு குரல் வரும். அன்று பூராவும் எஃகுக் கம்பிகளுக்குப் பாலிஷ் போடும் வேலை இருக்கும்.

தொழிலில் இதற்கு ‘டாக்வாக்கிங்’ என்று பெயர். மத்தியதரைக் கடல் சீசனுக்காக மார்ச், ஏப்ரலில் ஆன்டீப்பிலும் ஸ்பெயினின் பால்மாவிலும் நடக்கும். கரீபியன் சீசனுக்காக அக்டோபர், நவம்பரில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் நடக்கும். பல துறைமுகங்களில் இப்போது கேட் போட்டுக் காவலர் நிறுத்திவிட்டார்கள், பாதிக்கு மேல் ஆள் தேடுவது ஏஜென்சிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடந்து முடிகிறது. என்றாலும், நேரில் போய் முகம் காட்டும் பழக்கம் அடியோடு போய்விடவில்லை.

கனவு கிளம்பிய இடம்

நீளம் 24 மீட்டரைத் தாண்டினால் அது பெரிய யாட் என்ற கணக்கில் வரும். பயணிகள் எண்ணிக்கை பன்னிரண்டுக்குள் நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் பயணிக் கப்பலுக்கான கடுமையான விதிகள் பாயும். உலகின் மிகப் பெரிய பணக்காரர்களும் பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம், அடக்கம் ஒன்றும் இல்லை. கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன். பெரும்பாலான யாட்களின் ஆண்டு இந்த இரண்டுக்குள் முடிந்துவிடும்.

இந்த வாழ்க்கையை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது 2013-ல் அமெரிக்காவின் ப்ராவோ சேனலில் தொடங்கிய ‘பிலோ டெக்’ ரியாலிட்டி ஷோ. பணக்கார விருந்தினர், அவர்களுக்குப் பரிமாறும் அழகான இளைஞர்கள், கீழ்த்தளத்தில் அவர்களுடைய காதலும் சண்டையும். அடுத்து ரீல்ஸ் வந்தது. பயணத்தின் பெரும்பகுதியை இஞ்சின் அறையில் கழித்தவர்கூட ஒரு நிமிட வீடியோவில் சூரிய அஸ்தமனத்தைத்தானே காட்டுவார்!

இந்தக் கனவுக்குள் இன்னொரு கனவு இருக்கிறது. அதுதான் எக்ஸ்பெடிஷன் யாட். மொனாக்கோவில் நங்கூரம் போட்டு நிற்பதற்காகக் கட்டப்பட்டது இல்லை இது. பனிக்கடலுக்கும் கரையே கண்ணில் படாத பெருங்கடலுக்கும் போவதற்காகக் கட்டப்பட்டது. கனத்த எஃகு உடல், வாரக்கணக்கில் தாங்கும் எரிபொருள், மேலே ஹெலிகாப்டர், வயிற்றில் சிறு நீர்மூழ்கி. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுக்காக ஜெர்மனியின் லூர்ஸன் கட்டித்தந்த 126 மீட்டர் ‘ஆக்டோபஸ்’ இந்த வகையில் பெரிய பெயர். 2015 மார்ச்சில், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் ‘முசாஷி’யை பிலிப்பைன்ஸின் சிபுயான் கடலில் ஆலனின் குழு இதிலிருந்துதான் கண்டுபிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ஹூட்’டின் மணியை டென்மார்க் நீரிணையின் ஆழத்திலிருந்து மேலே எடுத்ததும் இங்கிருந்துதான். ஆலன் 2018-ல் இறந்தபின் கைமாறி, இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. பன்னிரண்டு விருந்தினருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள். 77 மீட்டர் ‘லெஜெண்ட்’ இன்னொரு ரகம். 1970-களில் சோவியத் யூனியனுக்காகக் கட்டிய பனியுடைக்கும் இழுவைக் கப்பலை ஸ்பா, சினிமா அறை சகிதம் சொகுசு யாட்டாக மாற்றியிருக்கிறார்கள்.

சம்பளம், சாப்பாடு, படுக்கை, அதோடு பென்குவின்கள்! இருபது வயதில் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்ய இது போதும்.

கண்ணில் படாமல் இருப்பதே வேலை

யாட்டில் வேலை மேல்மட்டத்தில் இரண்டாகப் பிரியும். வெளித்தளம் ‘டெக்’. அங்கே டெக்ஹேண்ட்கள், அவர்களுக்கு மேல் போசன், அதற்கு மேல் அதிகாரிகள், கேப்டன். உள்பக்கம் ‘இன்டீரியர்’. அது சீஃப் ஸ்டூவின், அதாவது தலைமைப் பரிசாரகரின் ராஜ்ஜியம். இஞ்சின் அறையும் சமையலறையும் தனி உலகங்கள். இன்டீரியர் வேலைக்குப் பெண்களையும் டெக் வேலைக்கு ஆண்களையும் எடுக்கும் பழக்கம் இன்னும் பெரிதாக மாறவில்லை. பயோடேட்டாவில் புகைப்படம் கேட்கிறார்கள். பச்சை குத்தியிருந்தால் சீருடைக்கு வெளியே தெரியுமா என்றும் கேட்கிறார்கள். மற்ற தொழில்களில் இப்படிக் கேட்டால் வழக்கே வரும்.

டெக்ஹேண்டின் நாள் விருந்தினர் எழுமுன் தொடங்குகிறது. இரவு படிந்த உப்பைக் கழுவி, தண்ணீர்த்தடம் காய்வதற்குள் ஷாமி துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த ஒரு சொட்டுகூட கறுப்பு பெயின்ட்டில் வட்டமாகத் தெரியும். தேக்குத் தளத்தைத் தேய்க்க வேண்டும், மெத்தைகளை விரிக்க வேண்டும், ஜெட் ஸ்கீக்களை இறக்க வேண்டும். விருந்தினர் நீந்தி முடித்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவித் திரும்ப ஏற்ற வேண்டும். உள்ளே ஸ்டூ ஒருவர் குளியலறைக் குழாயின் இடுக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கிறார். தலையணை மடிப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், டாய்லெட் தாளின் முனையை எப்படி மடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. விருந்தினர் காலை உணவுக்கு எழுந்து போன பதினைந்து நிமிடத்தில் அறை புதிதாகிவிட வேண்டும். யார் செய்தது என்பது தெரியக் கூடாது. அதில்தான் திறமை.

பணியாளர்களின் அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், அணியத்தை ஒட்டி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. ஒருவர் சட்டை மாற்றும்போது இன்னொருவர் படுக்கையிலேயே இருந்தாக வேண்டும். பனிக்கடலில் போகும்போது, உடைந்த பனிக்கட்டிகள் எஃகு உடலை உரசிக்கொண்டு போகும் சத்தம் அவர்களுடைய தலைமாட்டில்தான் கேட்கும். அது இரண்டு தளம் மேலே தூங்கும் விருந்தினரை எட்டாது.

ஒப்பந்தத்தோடு ரகசியக் காப்பு உறுதிமொழியிலும் கையெழுத்து வாங்குவார்கள். யார் வந்தார்கள், எங்கே நிற்கிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது, யாட்டின் உள்பக்கத்தைப் படம் எடுக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமைப் பார்த்து வேலைக்கு வந்தவர் இன்ஸ்டாகிராமில் எதுவும் போட முடியாது. இந்தத் தொழில் தன்னைத் தேடி வருகிறவர்களிடம் செய்யும் முதல் குறும்பு அது.

[பெட்டி: தூக்கத்தின் கணக்கு]
கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் நிறைவேறி 2013 ஆகஸ்ட் 20-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் 77 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. ஓய்வை இரண்டு துண்டாக மட்டுமே பிரிக்கலாம், அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் படித்தால் 14 மணி நேர வேலை நாள் சட்டப்படி சரி என்றாகிறது. அடுத்தடுத்து விருந்தினர் குழுக்கள் வரும் சீசனில் இந்தப் பத்து மணி நேரமும் தேய்வது உண்டு. ஓய்வுநேரப் பதிவேட்டில் மட்டும் அது தேயாது.
இன்னொரு ஓட்டை: இந்த உடன்படிக்கை வணிக நோக்கில் இயங்கும் கலங்களுக்கானது. வாடகைக்கு விடும் யாட் இதற்குள் வரும். முதலாளி தன் குடும்பத்துக்கு மட்டும் வைத்திருக்கும் யாட் பொதுவாக வராது. அங்கே பணியாளருக்கு யாட் பதிவான ‘கொடி நாட்டின்’ சட்டமும் ஒப்பந்தத் தாளும்தான் துணை.

பனிக்குள் போனால் வேலை மாறுகிறது

எக்ஸ்பெடிஷன் யாட்டை மற்ற யாட்களோடு சேர்த்துப் பேசுவது சரியாக இருக்காது. காரணம் பென்குவின் இல்லை. பனிக்கடலில் டெக்ஹேண்டின் கண் கேப்டனுக்குத் தேவைப்படுகிறது.

தென் அமெரிக்காவின் நுனியில், அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பினால் ட்ரேக் நீரிணையைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு நாள். கரை தடுக்காமல் பூமியைச் சுற்றிவரும் காற்றும் அலையும் அங்கே நெருக்கிப் பாயும். இந்த இரண்டு நாளில் இன்டீரியர் பணியாளர் செய்யும் முதல் வேலை, கண்ணாடி, பீங்கான், சிற்பம், பூ ஜாடி என எல்லாவற்றையும் கட்டிவைப்பது. குமட்டலோடு படுத்திருக்கும் விருந்தினருக்குச் சுடுநீரும் பிஸ்கட்டும் கொண்டுபோகிறவருக்கும் குமட்டல் இருக்கும். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

பனிப்பாறைகள் தென்படத் தொடங்கியதும் மேல்தளத்தில் கண்காணிப்புக்கு ஆள் நிற்க வேண்டும். பெரிய பனிமலையை ரேடார் காட்டிவிடும். அதிலிருந்து உடைந்து, தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் கண்ணாடி போன்ற கட்டிகளை அலைக்கு நடுவே அது தவறவிடலாம். மனிதக் கண்தான் அவற்றைப் பிடிக்கும். தெறிக்கும் கடல்நீர் கம்பிகளில் உறைந்து கனம் ஏறினால் மரச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். மொனாக்கோவில் கீறல் விழுந்துவிடுமோ என்று மூச்சடக்கித் துடைத்த அதே கம்பிகள் இவை.

அடுத்தது சமையலறை. கடைசித் துறைமுகத்தில் ஏற்றியது என்னவோ அதுதான் கடைசி வரை. மூன்றாம் வாரத்திலும் சாலடில் பச்சை இலை இருக்க வேண்டுமென்றால், எந்தப் பெட்டியை எப்போது திறப்பது என்று சமையல்காரர் முதல் நாளே தீர்மானித்திருக்க வேண்டும். மறந்துபோன ஒரு பொருளை ஹெலிகாப்டரில் வரவழைத்த கதைகள் மத்தியதரைக் கடலில் நிறைய உண்டு. இங்கே எந்த ஊரிலிருந்து வரவழைப்பது?

இப்படிப்பட்ட பயணத்தில் விருந்தினருக்கும் பணியாளருக்கும் நடுவே இருக்கும் சுவர் கொஞ்சம் மெலிகிறது. ரப்பர் படகை ஓட்டுகிறவரின் பேச்சைக் கோடீஸ்வரரும் கேட்டாக வேண்டும். உட்கார் என்றால் உட்கார வேண்டும். திமிங்கிலம் மூச்சு விடும்போது எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். விருந்தினர் கரையிறங்கி முடித்த பிறகு பணியாளர்களையும் ஒரு சுற்று இறக்கிவிடும் கேப்டன்கள் உண்டு. இறக்கிவிடாதவர்களும் உண்டு. அண்டார்டிகா வரை போய், கரையில் கால் வைக்காமல், துணி துவைக்கும் அறையின் வட்ட ஜன்னல் வழியே அதைப் பார்த்துத் திரும்பியவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

[பெட்டி: வெல்க்ரோவுக்கும் சோதனை]
அண்டார்டிகா ஒப்பந்தம் 1959-ல் கையெழுத்தானது. சுற்றுச்சூழலுக்கான மாட்ரிட் நெறிமுறை 1991-ல் உருவாகி 1998-ல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்த நாட்டிலிருந்து கிளம்பும் யாட் அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. விலங்குகளிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பென்குவின் தானாக நெருங்கி வந்தால் மனிதர்தான் ஒதுங்க வேண்டும்.
வெளியூர் விதை ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது என்பதால் ஒவ்வொரு ஜாக்கெட்டின் பையும் வெல்க்ரோவும் சோதிக்கப்படும். இடுக்கியும் வேக்குவம் கிளீனரும் பிடித்து அதைச் செய்வது பணியாளர்கள். காலணிகளுக்கு இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் கிருமிநாசினிக் குளியல் உண்டு. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா பகுதியிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலும் பறவைக்காய்ச்சல் உறுதியானபின் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையைக் கீழே வைப்பது எல்லாம் தவிர்க்க வேண்டியவை.

ஒளிந்து ஏறிய பரிசாரகர்

அண்டார்டிகா வரை வேலைக்குப் போகும் இந்த ஆசைக்கு வயது நூறுக்கு மேல். 1914 அக்டோபரில் எர்னெஸ்ட் ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் அண்டார்டிகாவை நோக்கி பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பியபோது, பெர்ஸ் பிளாக்போரோ என்ற வேல்ஸ் நாட்டுப் பையன் வேலை கேட்டான். வயதும் அனுபவமும் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கூட வந்த நண்பனுக்கு மட்டும் வேலை கிடைத்தது. அந்த நண்பனும் இன்னொரு மாலுமியும் சேர்ந்து அவனைத் துணிப்பெட்டகத்துக்குள் ஒளித்துவைத்தார்கள். கப்பல் நடுக்கடலுக்குப் போன பிறகுதான் அகப்பட்டான். ஷாக்கிள்டன் எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டு, அவனைப் பரிசாரகராகச் சமையல்காரருக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார்.

1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது. நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. 28 பேரும் பனித்தட்டுகளில் மாதக்கணக்கில் தங்கி, பிறகு மூன்று திறந்த படகுகளில் யானைத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படகிலேயே பிளாக்போரோவின் கால்கள் உறைந்துவிட்டன. 1916 ஜூனில், கவிழ்த்துப்போட்ட படகுகளின் அடியில், கிடைத்த வெளிச்சத்தில், இரண்டு மருத்துவர்கள் அவருடைய இடது கால் விரல்களை வெட்டியெடுத்தார்கள். ஆகஸ்ட் 30-ல் மீட்புக் கப்பல் வந்தது. ஊர் திரும்பிய பிளாக்போரோ நியூபோர்ட் துறைமுகத்தில் வேலை பார்த்து, 1949-ல் அங்கேயே இறந்தார். ‘எண்டூரன்ஸ்’ 2022 மார்ச்சில், 3,008 மீட்டர் ஆழத்தில், பின்பக்கத்துப் பெயர் தெளிவாகத் தெரிய, கண்டுபிடிக்கப்பட்டது.

ஆபத்தும் குறைந்த கூலியும் காத்திருப்பதாகச் சொல்லி ஆட்களை அழைத்த ஷாக்கிள்டனின் விளம்பரம் என்று ஒன்று இன்றும் சுற்றுகிறது. நிர்வாகவியல் வகுப்புகளில்கூடக் காட்டுகிறார்கள். அது வெளியான செய்தித்தாளைத் தேடியவர்கள் யாருக்கும் அது அகப்படவில்லை. இன்றைய ஏஜென்சிகளின் விளம்பரங்களில் அப்படி ஒரு வரியை எதிர்பார்க்கவும் முடியாது.

பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

அனுபவமில்லாத டெக்ஹேண்டுக்கோ ஸ்டூவுக்கோ மாதம் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 யூரோ என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. வாடகை, சாப்பாடு, சீருடை, சோப்பு வரை யாட்டின் செலவு. கையில் அப்படியே நிற்கும் பணம் இது. வாடகை யாட் என்றால் டிப்ஸும் உண்டு. ஐரோப்பியக் கடலில் வாடகைத் தொகையில் 5 முதல் 15 சதவீதம் வரை வழக்கம், அமெரிக்கர்கள் அதிகம் வரும் கரீபியனில் அது கூடும். வாரத்துக்கு இரண்டு லட்சம் யூரோ வாடகை, பத்து சதவீத டிப்ஸ், பத்துப் பணியாளர் என்று வைத்தால் ஆளுக்கு இரண்டாயிரம். ஒரு வாரத்தில் ஒரு மாதச் சம்பளம்!

இந்த இடத்தில்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். டிப்ஸ் என்பது சட்டம் இல்லை, விருந்தினரின் மனநிலை. முதலாளியின் சொந்த யாட்டில் அது பெரும்பாலும் கிடையாது. எக்ஸ்பெடிஷன் யாட்களோ ஒரு சீசனில் சில பயணங்களே போகும். நடுவில் வாரக்கணக்கில் கடல் கடக்கும் ஓட்டம், துறைமுகத்தில் பழுதுபார்ப்பு. அதிக டிப்ஸ் வேண்டுமென்றால் பென்குவினை மறந்துவிட்டு கரீபியனில் ஷாம்பெயின் ஊற்ற வேண்டும்.

பதினான்கு மணி நேரம் சிரித்துவிட்டு, ஆறு வாரம் கழித்து முதல் விடுப்பு நாளில் கரையிறங்குகிறவர் ஒரே இரவில் எவ்வளவு செலவழிப்பார் என்பதை ஆன்டீப்பின் மதுக்கடைக்காரர்கள் அறிவார்கள். நான்கைந்து ஆண்டில் வீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களும் உண்டு. அதே நான்கைந்து ஆண்டில் கையில் கைக்கடிகாரம் மட்டும் மிஞ்சியவர்களும் உண்டு.

பணத்தில் எழுத முடியாத செலவு ஒன்று இருக்கிறது. மத்தியதரைக் கடல் சீசன் ஓய்ந்து யாட்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும் நேரம் தீபாவளி. அண்டார்டிகா சீசன் உச்சத்தில் இருக்கும்போது பொங்கல். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டால், அந்த வாரம் முதலாளி வருகிறாரா என்பதைப் பார்த்துத்தான் பதில் வரும். நங்கூரமிட்ட இடம் அண்டார்டிகாவின் ஜெர்லாஷ் நீரிணை என்றால், தகவல் வந்த அன்றே இறுதிச்சடங்குக்குக் கிளம்புவது என்ற பேச்சே கிடையாது. உறுதியான விடுப்புச் சுழற்சி, அதாவது இரண்டு மாதம் வேலை, இரண்டு மாதம் வீடு என்பது பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் இஞ்சினியர்களுக்கும் கிடைக்கிறது. கீழே உள்ளவர்களுக்கு அது மெல்லத்தான் இறங்கி வருகிறது.

ஆபத்து யார் தலையில்

2024 ஆகஸ்ட் 19, விடியலுக்கு முன். சிசிலியின் போர்ட்டிசெல்லோ கரைக்கு அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் பாய்மர யாட் ‘பேசியன்’ திடீர்ப் புயலில் சாய்ந்து மூழ்கியது. 12 பயணிகள், 10 பணியாளர்கள். பிரிட்டன் தொழிலதிபர் மைக் லின்ச் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் யாட்டின் சமையல்காரர். பிறகு இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் விசாரணை வளையத்துக்குள் கொண்டுவந்தவர்களில் கேப்டனும் இஞ்சினியரும் மட்டும் இல்லை, அந்த இரவு காவலில் இருந்த இளம் டெக்ஹேண்டும் ஒருவர். விசாரணை என்பதால் குற்றம் செய்தார் என்று பொருள் ஆகாது. 2025-ல் வந்த பிரிட்டன் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் இடைக்கால அறிக்கை, குறிப்பிட்ட நிலையில் அந்த யாட் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்ற விவரம் அதில் இருந்த நிலைப்புத்தன்மைக் கையேட்டிலேயே இல்லை என்றது. ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாமி துணி பிடிக்கும் அதே கைதான் இரவுக் காவலும் பிடிக்கிறது. காற்று மாறினால் யாரை, எப்போது எழுப்ப வேண்டும் என்பது அங்கே உயிர் விஷயம், சட்ட விஷயமும்கூட.

ஆபத்து வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் மேற்கு நாடுகள் ரஷ்யக் கோடீஸ்வரர்களின் யாட்களை முடக்கின. ஹாம்பர்க்கில் நின்ற 156 மீட்டர் ‘தில்பார்’ யாட்டின் பணியாளர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வேலை இழந்தார்கள், ஏனென்றால் தடைவிதிக்கப்பட்டவரின் பணத்தில் சம்பளம் கொடுக்க வழியில்லை. ஆன்டிகுவா தீவில் கைவிடப்பட்ட ‘ஆல்ஃபா நீரோ’வில் ஒரு சிலரே மிஞ்சினார்கள், இஞ்சின் ஓட டீசலுக்கும் தட்டுப்பாடு. அந்நாட்டு அரசு யாட்டைக் கைப்பற்றி, 2024-ல் நான்கு கோடி டாலருக்கு விற்றது.

முதலாளி யார் என்பது டெக்ஹேண்டுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. ஒப்பந்தத்தில் இருப்பது ஏதோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்தின் பெயர். வணிக யாட் என்றால் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் கைவிடப்பட்டவர் என்று கருதப்பட்டு, நான்கு மாதம் வரையிலான நிலுவையையும் ஊர் திரும்பும் செலவையும் காப்பீட்டிலிருந்து பெறலாம். 2017-லிருந்து இது நடைமுறை. இரவு இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், கடலோடிகள் நல அமைப்பான ஐஸ்வான் நடத்தும் ‘யாட் க்ரூ ஹெல்ப்’ இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. சேர்ந்த முதல் நாளே அதைக் கைபேசியில் பதிந்துவைப்பது நல்லது.

[பெட்டி: ஏஜென்ட் பணம் கேட்டால்]
வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடை செய்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பதிவுப் புத்தகம் ஆகிய மூன்றின் செலவு மட்டுமே அவருடையது. விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும், அந்த எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ‘இரண்டு லட்சம் கட்டு, அடுத்த வாரம் மொனாக்கோ’ என்று சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு வழி உண்டா?

ஆன்டீப் காட்சியில் நம் முகங்கள் குறைவு. திறமை காரணம் இல்லை, பாஸ்போர்ட்தான் காரணம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அந்தத் துறையில் நடக்கவே ஷெங்கன் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய்க் கூலி வேலை பார்த்தால் சட்டம் குறுக்கே வரும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் யாட்கள் பி1/பி2 விசா உள்ளவர்களையே முதலில் பார்க்கின்றன. தென்னாப்பிரிக்கர்களுக்கும் ஷெங்கன் விசா தேவை, ஆனாலும் யாட் தளங்களில் அவர்கள் நிறைந்திருக்கிறார்கள். கேப்டவுனில் பயிற்சிப் பள்ளிகள், முன்பே உள்ளே போன அண்ணன்கள், அக்காக்கள், அவர்கள் சொல்லும் சிபாரிசு என்று ஒரு பாதையை அவர்கள் கட்டிவிட்டார்கள். நமக்கு அந்தப் பாதை இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

அடிப்படைத் தகுதியில் மர்மம் எதுவும் இல்லை. எஸ்டிசிடபிள்யூ எனப்படும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும்: கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, அதோடு காவல் விழிப்புணர்வு. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் இதை நடத்துகின்றன. ஐரோப்பிய யாட்கள் பெரும்பாலும் கேட்கும் மருத்துவச் சான்று ‘இஎன்ஜி1’. பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவரிடம்தான் அதை வாங்க முடியும்.

என் கணிப்பில், நம் ஊர்க்காரருக்கு எக்ஸ்பெடிஷன் யாட்டின் கதவு டெக்கில் திறப்பதைவிட இஞ்சின் அறையிலும் சமையலறையிலும் திறக்க வாய்ப்பு அதிகம். சரக்குக் கப்பலில் நான்கு ஆண்டு ஓடிய மின்னணு அதிகாரிக்கோ இஞ்சினியருக்கோ பனிக்கடல் யாட்டில் இருக்கும் மதிப்பு, புகைப்படத்தில் நன்றாகச் சிரிப்பவருக்கு இருக்காது. ஏஜென்சியே விசாவுக்கு ஓடும். சொகுசுப் பயணக் கப்பல்களில் சமையல், பரிமாறல் வேலை பார்த்தவர்களும் அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு நகரலாம். கடல் நமக்குப் புதிதும் இல்லை. தூத்துக்குடித் தோணிகளில் தண்டலின் கீழே மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போன குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் நோயைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நாப்கினை எப்படி மடிப்பது என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மத்தியதரைக் கடலுக்குப் பிப்ரவரியிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அண்டார்டிகா சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை என்பதால், தெற்கே இறங்கும் யாட்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் பட்டியலை முடித்துவிடப் பார்க்கும். அழைப்பு வந்தால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. கொடி எந்த நாட்டுடையது? பதிவு வணிகமா, தனிப்பட்டதா? சம்பளம் எந்த நாணயத்தில், எந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும்? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பும் ஊர் என்ற இடத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் மும்பை என்று போட்டிருந்தால், மும்பையிலிருந்து தூத்துக்குடி வரும் டிக்கெட் நம் கைக்காசு. அதையும் முன்கூட்டியே பேசி மாற்ற முடியும்.